நாளைக்கு வருபவருக்கும் புரியணும்: விளையாட்டு செய்யும் இளைஞர்களுக்குக் கமிட், பக் பாடம்



நம் பிள்ளைகளில் பலர் இப்போது விளையாடுவதோடு நிற்பதில்லை. விளையாட்டைச் செய்யவும் தொடங்கிவிட்டார்கள். பள்ளி விடுமுறையில் கோடோ எஞ்சினை இறக்கி, யூடியூப் பார்த்து, ரெண்டே வாரத்தில் ஓர் ஆளை ஓடவும் குதிக்கவும் வைத்துவிடுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் இப்படி ஒரு சிறு குழுவோடு நானும் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். விளையாட்டைத் தொடங்குவது பெரிய சிரமமில்லை. ஒரு வருஷம் கழித்தும் அது உயிரோடு இருப்பதுதான் சிரமம்.

திறமை இல்லாததால் அது சாவதில்லை. எஸ்.பி.எம். முடிந்து ஒருவர் மெட்ரிகுலேஷன் போகிறார். ஒருவர் பாலிடெக்னிக் போகிறார். சிங்கப்பூர்ப் பையன் என்றால் தேசிய சேவைக்குப் போய்விடுகிறார். அவர் தலைக்குள் இருந்ததெல்லாம் அவரோடு போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் கோப்பைத் திறந்து பார்த்து, "இதை ஏன் இப்படி எழுதினான்?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ரெண்டு வாரம் அப்படியே போகும். மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

இதற்கு மருந்து ரெண்டு பழக்கம்தான். ஒன்று, செய்த மாற்றத்தை ஒழுங்காகப் பதிவு செய்வது. இதற்குக் கமிட் என்று பெயர். இன்னொன்று, கண்ட பிழையை ஒழுங்காக எழுதி வைப்பது. இதை பக் ரிப்போர்ட் என்கிறோம். (பக் என்பதற்கு 'வழு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் உண்டு. நம் பிள்ளைகள் வாயில் வருவது பக் என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.) ரெண்டுக்கும் அடிப்படை ஒன்றே: உங்களிடம் கேள்வி கேட்க முடியாத ஒருவர் நாளைக்கு வருவார், அவருக்காக எழுதுங்கள்.

1. ஆள் மாறினாலும் நிற்காத விளையாட்டுகள்

மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் கொடுத்து வெளியிடுவதுதான் திறந்த மூலம். 1997 டிசம்பர் 23-ஆம் தேதி ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் தன் 'டூம்' விளையாட்டின் மூல நிரலை வெளியிட்டது. 1999-இல் அதை ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றியது. அந்த நிரலை எடுத்து இன்றும் ஆட்கள் புதிது புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் கோடோ எஞ்சினும் இப்படித்தான். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சுர் இருவரும் உருவாக்கி, 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டார்கள்.

ஆனால் நம் பாடத்துக்குச் சரியான உதாரணம் 'ஓபன் டி.டி.டி.' என்ற விளையாட்டு. 1995-இல் வந்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' என்ற ரயில், பஸ், கப்பல் கம்பெனி நடத்தும் விளையாட்டை அடிப்படையாக வைத்து, 2004-இல் லுட்விக் ஸ்ட்ரீகியஸ் என்ற சுவீடன்காரர் தொடங்கினார். அவர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஸ்பாட்டிஃபையின் தொடக்க கால நிரலாளர்களில் அவரும் ஒருவர். விளையாட்டு நின்றதா? இல்லை. இருபது வருஷம் தாண்டியும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத ஆட்கள் அதை நடத்துகிறார்கள். அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது பதிவேடு. எந்த வரி எப்போது மாறியது, எந்தப் பிழைக்காக மாறியது என்பது அங்கே எழுதியிருக்கிறது.

நம் கோயில்களில் திருவிழாக் கணக்குப் புத்தகம் எழுதும் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருஷம் செயலவை மாறினாலும், போன வருஷம் பந்தலுக்கு எவ்வளவு கொடுத்தோம், ஏன் வேறு ஆளிடம் மாற்றினோம் என்று புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். அதே காரியம்தான் இது.

2. கமிட் என்றால் என்ன?

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் வேலைக்காக 'கிட்' என்ற கருவியை எழுதினார். இன்று திறந்த மூல விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதில்தான் நடக்கின்றன. கிட் உங்கள் திட்டத்தின் வரலாற்றைப் படி படியாக வைத்திருக்கும். ஒவ்வொரு படியும் ஒரு கமிட். அதில் நான்கு விஷயம் இருக்கும்: கோப்புகளின் அந்நேர நிலை, யார் செய்தார், எப்போது செய்தார், என்ன சொன்னார். முதல் மூன்றையும் கிட் தானே பார்த்துக்கொள்ளும். நான்காவது உங்கள் கையில். அங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

எங்கள் குழுவின் பழைய பட்டியலில் இருந்தவை இவை: "அப்டேட்", "அப்டேட் 2", "ஓகே இப்போ ஓடுது", "கடைசி", "உண்மையிலேயே கடைசி". சிரிப்பு வரும். ஆறு மாதம் கழித்து ஒரு பிழையைத் தேடும்போது அழுகை வரும்.

3. நல்ல கமிட்டுக்கு ஆறு பழக்கம்

முதல் பழக்கம்: ஒரு கமிட்டில் ஒரே காரியம். குதிக்கும் உயரத்தை மாற்றினீர்களா? அது ஒரு கமிட். எழுத்துருவை மாற்றினீர்களா? அது வேறு கமிட். மூன்றையும் நாலையும் சேர்த்து மூட்டை கட்டாதீர்கள். ஏனென்றால் ஒரு மாற்றம் தப்பாகப் போனால் 'கிட் ரிவெர்ட்' என்ற கட்டளையால் அந்தக் கமிட்டை மட்டும் திருப்பிப் போடலாம். மூட்டையாகக் கட்டினால், கெட்டதைத் தூக்கும்போது நல்லதும் சேர்ந்து போகும்.

இரண்டாவது: தலைப்பு வரி சுருக்கமாக, செயலைச் சொல்வதாக இருக்கட்டும். கோடோ திட்டத்தில் தலைப்பு 72 எழுத்துக்குள், ஒரு வினைச்சொல்லில் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். ஓபன் டி.டி.டி.யில் இன்னும் கறார். தலைப்பின் முதல் சொல்லே அது எந்த வகை என்று சொல்லணும்: புதிதாகச் சேர்த்ததா, மாற்றியதா, பிழை திருத்தமா, வெளியே தெரியாத நிரல் ஒழுங்கா. பிழை திருத்தம் என்றால் பிழையின் எண்ணும் கூடவே வரும். நீங்களும் உங்கள் குழுவுக்கு இப்படி நாலு சொல் முடிவு செய்துகொள்ளலாம்: சேர், மாற்று, திருத்து, நீக்கு.

மூன்றாவது: தலைப்புக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, 'ஏன்' என்று எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் என்பதை நிரல் காட்டாது. "வேகத்தை 4-லிருந்து 6 ஆக்கினேன்" என்பது பாதிச் செய்தி. "ரெண்டாம் கட்டத்தில் நாய் துரத்தும்போது தப்பிக்கவே முடியவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள், அதனால் 6 ஆக்கினேன்" என்பதுதான் முழுச் செய்தி.

நான்காவது: ஓட்டிப் பார்த்துவிட்டுக் கமிட் செய்யுங்கள். ஓடாத நிலையைக் கமிட் செய்தால், பிறகு வரலாற்றில் தேடுபவருக்கு அந்தப் படி உடைந்த படிக்கட்டு.

ஐந்தாவது: எது உள்ளே போகணும், எது போகக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோடோ 4-இல், பெயர் புள்ளியில் தொடங்கும் கோடோ கோப்புறை தானாக உருவாவது. அது உள்ளே வேண்டாம். ஆனால் படங்களுக்குப் பக்கத்தில் உருவாகும் 'இம்போர்ட்' கோப்புகள் கட்டாயம் வேண்டும். 4.4 பதிப்பிலிருந்து வரும் 'யு.ஐ.டி.' கோப்புகளும் வேண்டும். குப்பை என்று நினைத்து இவற்றை விட்டுவிட்டால், அடுத்தவர் கணினியில் இறக்கும்போது அமைப்புகளும் இணைப்புகளும் தடுமாறும். கடவுச்சொல், சேவைகளின் ரகசியச் சாவி இவை எக்காரணம் கொண்டும் உள்ளே போகக்கூடாது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். ஒருமுறை போய்விட்டால் அந்தச் சாவியையே மாற்றுவதுதான் வழி.

இதில் நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்லணும். பின்னணி இசைக்கு சினிமாப் பாட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் விளையாட்டு திறந்த மூலம் என்றால் அதில் உள்ள எல்லாவற்றையும் பிறர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். உங்களுடையது இல்லாத பாட்டுக்கு அந்த வாக்கை நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும்? நம்மிடையே தபேலா, நாதஸ்வரம் வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, பதிவு செய்து, அவர்கள் பெயரோடு சேருங்கள்.

பெரிய கோப்புகளிலும் கவனம். கிட்ஹப் 100 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 'சூப்பர் டக்ஸ் கார்ட்' என்ற கார்ப் பந்தய விளையாட்டில் நிரலை ஓர் இடத்திலும், படம், இசை, பந்தயப் பாதைகளை வேறு களஞ்சியத்திலும் வைத்திருக்கிறார்கள்.

ஆறாவது: செய்தவர் பெயர் செய்தவருக்கே போகட்டும். இது சின்ன விஷயமில்லை. பல குழுக்களில் நாலு பேர் செய்ததைப் புலனம் வழியாக அனுப்பி, மடிக்கணினி வைத்திருக்கும் ஒருவர் எல்லாவற்றையும் தன் பெயரில் கமிட் செய்கிறார். கெட்ட எண்ணமில்லை, வசதிக்காகத்தான். ஆனால் நாளைக்கு அந்த நாலு பேரில் ஒருவர் பல்கலைக்கழக நேர்முகத்தில் "நான் விளையாட்டு செய்திருக்கிறேன்" என்று சொன்னால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. ஒரே கணினியில் வேலை செய்தாலும், கமிட் செய்தியின் கடைசியில் கூட்டாகச் செய்தவரின் பெயரைச் சேர்க்கும் வழி இருக்கிறது. கிட்ஹப் அதை அடையாளம் கண்டு இருவர் பெயரையும் காட்டும். இன்னொன்று, கமிட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரி உலகத்துக்கே தெரியும். சொந்த முகவரியை மறைக்க கிட்ஹப் ஒரு மாற்று முகவரி தருகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

4. பக்: "அண்ணே, கேம் ஓடல"

புலனத்தில் எனக்கு அடிக்கடி வரும் செய்தி இது. கூடவே அழும் முகம் ஒன்று. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது போல.

கோடோ திட்டத்தில் பக் ரிப்போர்ட் எழுதப் போனால் படிவமே சில கேள்விகளைக் கேட்கும். எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள்? என்ன கணினி, என்ன இயங்குதளம், என்ன கிராஃபிக்ஸ் அட்டை? என்ன நடக்கிறது? அதை மறுபடியும் வரவைக்க என்னென்ன செய்யணும்? கடைசியாக, அந்தப் பிழையை மட்டும் காட்டும் ஒரு குட்டித் திட்டத்தை இணைக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். உங்கள் முழு விளையாட்டையும் அனுப்பினால் யாருக்கும் தேட நேரமில்லை. ஒரு காட்சி, ஒரு ஆள், பத்து வரி நிரல் என்று குறைத்துக்கொண்டே வந்தால், பாதி நேரம் பிழை எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓபன் டி.டி.டி. திடீரென நின்றுபோனால், நின்ற நேரத்தின் விவரப் பதிவையும் விளையாட்டு இருந்த நிலையையும் கோப்புகளாகத் தானே எழுதி வைக்கும். பிழை சொல்பவர் அவற்றை இணைக்க வேண்டும். நம் விளையாட்டில் இந்த வசதி இல்லையென்றால் நாமே கவனித்து எழுதணும்.

விளையாட்டுகளில் பக் தேடுவது மற்ற செயலிகளைவிடக் கஷ்டம். மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, தற்செயல். எதிரி எங்கே வருவான் என்பதைக் கணினி குலுக்கிப் போடுகிறது. அதனால் உங்களுக்கு வந்த பிழை எனக்கு வராது. குலுக்கலின் தொடக்க எண்ணைத் திரையில் காட்டவோ கோப்பில் எழுதவோ வையுங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால் அதே குலுக்கல் மறுபடியும் வரும்.

இரண்டு, பலர் சேர்ந்து ஆடுவது. ஓபன் டி.டி.டி.யில் ஒவ்வொருவர் கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்கிடும். ஆட்டக்காரர் கொடுக்கும் கட்டளைகள் மட்டுமே வலைவழியாகப் போகும். ஒரு கணினியில் சின்னக் கணக்கு மாறினாலும் ரெண்டு உலகமும் பிரிந்துவிடும். இதை 'டிசிங்க்' என்பார்கள். பிழை நடந்த இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு.

மூன்று, கணினியின் வேகம். இதை எங்கள் குழுவில் நடந்த ஒன்றை வைத்தே விளக்குகிறேன்.

5. மூணாவது லோங்காங்

எங்கள் விளையாட்டு எளிமையானது. எஸ்டேட் பையன் ஒருவன் பள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். வழியில் லோங்காங்குகளைத் தாண்டணும். குழுவில் நிரல் எழுதாத ஒரு தங்கச்சி இருக்கிறார், நான்காம் படிவம். ஆடிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. "மூணாவது லோங்காங்கைத் தாண்டவே முடியல" என்று புலனத்தில் எழுதினார். பையன்கள், "எங்களுக்கு ஓகேதான், உனக்கு ஆடத் தெரியல லா" என்றார்கள். மறுவாரமும் சொன்னார். அதே பதில். மூன்றாவது வாரம் அவர் வருவாரோ மாட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வந்தார். இந்த முறை பிழைப் பட்டியலில் ஒழுங்காக எழுதியிருந்தார்:

"#23. மூன்றாவது லோங்காங்கைத் தாண்ட முடியவில்லை.
கணினி: அப்பாவின் பழைய மடிக்கணினி. திரையில் காட்டும் வேகம் வினாடிக்குச் சுமார் 25 ஃபிரேம்.
செய்தது: முதல் கட்டம், ஓரத்துக்கு வந்து குதித்தேன். இருபது முறை.
நடந்தது: இருபது முறையும் நடுவில் விழுந்தான். முதல் ரெண்டு லோங்காங் பிரச்சினையில்லை.
நடக்க வேண்டியது: அக்கரையில் நிற்கணும். அண்ணன் கணினியில் (60 ஃபிரேம்) நிற்கிறான். தைப்பூச விடுமுறையில் கொடுத்த பதிப்பில் என் கணினியிலும் நின்றான்."

பாருங்கள், இதில் ஒரு கோபச் சொல் இல்லை. ஆனால் "உனக்கு ஆடத் தெரியல" என்று இனி யாரும் சொல்ல முடியாது. ரெண்டு கணினி, ரெண்டு வேகம், பழைய பதிப்பு சரி, புதுப் பதிப்பு தப்பு. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். பையன் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடி. அது கடிகார நேரப்படி சரியாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் முன்னே போகும் வேகம் 'ஒரு ஃபிரேமுக்கு 4 பிக்சல்' என்று இருந்தது. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் 240 பிக்சல் தாண்டுவான். 25 ஃபிரேம் ஓடும் கணினியில் 100 பிக்சல்தான். முதல் லோங்காங் 80, இரண்டாவது 90, மூன்றாவது 180 பிக்சல். புதுக் கணினி வைத்திருப்பவன் தாண்டுவான், பழைய கணினி வைத்திருப்பவள் தாண்டமாட்டாள். ஆட்டத் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "என் கணினியில் சரியாக ஓடுகிறது" என்பது ஒரு தகவல்தான். அதை வைத்து வாதத்தை முடிக்க முடியாது.

6. பாதி பாதியாகத் தேடுவது

எந்த மாற்றத்தில் இது கெட்டது? தைப்பூசப் பதிப்புக்குப் பிறகு அறுபதுக்கும் மேல் கமிட். ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடிந்துவிடும். இதற்கு 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. நல்ல பதிப்பு ஒன்று, கெட்ட பதிப்பு ஒன்று சொன்னால், கிட் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொன்னால், மிச்சப் பாதியின் நடுவுக்குப் போகும். 64 கமிட் என்றால் ஆறு முறை, 1,000 கமிட் என்றால் சுமார் பத்து முறை பார்த்தால் போதும். கோடோ ஆவணங்களில் இதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. நிரல் எழுதாதவரும் செய்யலாம். அந்தத் தங்கச்சியே தன் மடிக்கணினியில் உட்கார்ந்து செய்தார். ஆறு முறை ஓட்டினார், கமிட் கிடைத்தது.

கிடைத்த கமிட்டின் தலைப்பு: "அப்டேட்". உள்ளே 31 கோப்புகள். புது எழுத்துரு, புது வண்ணம், மெனு, நாயின் வேகம், இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க அன்று மாலை முழுவதும் போனது. எழுதிய தம்பி மெட்ரிகுலேஷன் போய்விட்டார். கேட்டால், "ஏதோ காரணம் இருந்துச்சு அண்ணே, ஞாபகம் இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏழு மாதத்துக்கு முன் எழுதிய ஒரு வரியின் காரணம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சரி, பழையபடி மாற்றினார்கள். லோங்காங் சரியானது. ஆனால் பையன் நின்றிருக்கும் லாரியின் ஓரத்தில் சிக்கிக்கொண்டான். அப்போதுதான் காரணம் புரிந்தது. அந்தத் தம்பி அந்த வரியை மாற்றியதே லாரிப் பிழையைச் சரிசெய்யத்தான். ஒரே ஒரு வரி, "லாரி ஓரத்தில் சிக்குவதால் மாற்றினேன்" என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் ரெண்டையும் சரிசெய்து பிள்ளைகள் எழுதிய கமிட் இது:

"திருத்து #23: மெதுவான கணினியில் தாண்டும் தூரம் குறைவது

முன்னே போகும் வேகம் ஃபிரேமுக்கு 4 பிக்சல் என்று இருந்தது. வினாடிக்கு 240 பிக்சல் என்று மாற்றினோம். லாரி ஓரத்தில் சிக்கும் பழைய பிழைக்காகத்தான் முன்பு இந்த வரி மாற்றப்பட்டது. அது திரும்பாமல் இருக்க லாரியின் மோதல் வடிவத்தின் மூலையை வளைத்தோம். 25, 60 ரெண்டு வேகத்திலும் சோதித்தோம்."

கீழே, பிழையைச் சொன்னவர் என்று அந்தத் தங்கச்சியின் பெயர். லினக்ஸ் திட்டத்திலும் பிழை சொன்னவர் பெயரைக் கமிட்டில் தனி வரியாக எழுதும் வழக்கம் இருக்கிறது. நிரல் எழுதியவருக்கு எவ்வளவு உரிமையோ, பிழை கண்டவருக்கும் பதிவேட்டில் இடம் உண்டு.

7. பிழைப் பட்டியலை நடத்தும் முறை

பிழையைப் புலனத்தில் விடாதீர்கள். அங்கே காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் அது மூழ்கிவிடும். எண்ணோடு ஓரிடத்தில் வையுங்கள். கிட்ஹப்பில் இதற்கு இடமிருக்கிறது.

எழுதும் முன் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புதிதாகத் திறக்காமல், அங்கேயே உங்கள் கணினி விவரத்தைச் சேருங்கள். ஒரு பதிவில் ஒரு பிழை மட்டும். "அது இருந்தால் நல்லா இருக்கும்" என்பது பிழை அல்ல, ஆசை. கோடோவில் ஆசைகளுக்கென்று தனி இடமே வைத்திருக்கிறார்கள். ரெண்டையும் கலந்தால் ரெண்டும் நடக்காது.

ஒவ்வொரு பிழைக்கும் நிலை இருக்கட்டும்: வந்தது, உறுதியானது, ஒருவர் எடுத்துக்கொண்டார், திருத்தியாயிற்று, சோதித்தாயிற்று, மூடியது. திருத்தியவரே மூடக்கூடாது, சொன்னவர் பார்த்துச் சரி என்ற பிறகு மூடுங்கள். ஒரு நுணுக்கம்: கமிட் செய்தியில் 'ஃபிக்ஸ்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பிழை எண்ணைப் போட்டால், அது முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் கிட்ஹப் அந்தப் பிழையைத் தானே மூடிவிடும். பெரிய திட்டங்களில் இது வசதி. சின்னக் குழுவில், சொன்னவர் பார்க்கும்வரை மூடாமல் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

திருத்த முடியவில்லையா? அதையும் எழுதுங்கள். "மூன்று கணினியில் பார்த்தோம், வரவில்லை" என்பதும் அடுத்தவருக்கு உதவும் செய்திதான்.

8. பேச்சில் மரியாதை

ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளைக்கு 'கிட் பிளேம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிளேம் என்றால் பழி. ஆனால் அதைப் பழி போடப் பயன்படுத்தாதீர்கள். யாரிடம் கேட்டால் காரணம் தெரியும் என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். "இந்தக் கமிட்டில் கெட்டது" என்று சொல்லலாம். "இவனால் கெட்டது" என்று சொல்லக்கூடாது. ரெண்டாவதைச் சொன்னால் அடுத்த முறை அவர் பிழையை மறைப்பார்.

வெளிநாட்டுத் திட்டங்களுக்கு எழுதும்போது ஆங்கிலத்தில்தான் எழுதணும். நம் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் கூச்சப்படாதீர்கள். அங்கே இலக்கணத்தைவிடப் பதிப்பு எண்ணும், செய்த படிகளும்தான் பெரிது. பதில் வரத் தாமதமானால் கோபப்படவும் வேண்டாம். பலர் ஊதியமில்லாமல், வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து பார்ப்பவர்கள்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஆடிப் பார்த்துப் பிழை எழுதலாம். மொழிபெயர்க்கலாம். ஓபன் டி.டி.டி.க்குத் தமிழ் மொழிக் கோப்பு இருக்கிறது. கோடோ எடிட்டருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு இருக்கிறது. நிரல் தெரிந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், திட்டங்களில் 'முதல்முறை வருபவருக்கு ஏற்றது' என்று குறியிட்டிருக்கும் பிழைகளைத் தேடுங்கள்.

9. இந்த மாதப் பயிற்சி

அ. உங்கள் திட்டத்தின் கடைசிப் பத்துக் கமிட் தலைப்புகளைத் தாளில் எழுதுங்கள். திட்டத்தைத் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். எத்தனை கமிட்டில் என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடிகிறது?

ஆ. நீங்கள் ஆடும் ஏதாவதொரு விளையாட்டில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பதிப்பு, கணினி, செய்தது, நடந்தது, நடக்க வேண்டியது என்ற ஐந்து தலைப்பில் எழுதுங்கள். அதை மட்டும் படித்து இன்னொருவர் அந்தப் பிழையை வரவைக்கிறாரா என்று பாருங்கள்.

இ. உங்கள் விளையாட்டில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் இசைக்கும் யார் உரிமையாளர் என்று பட்டியல் போடுங்கள். தெரியாதவை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஈ. ஒரு சோதனைத் திட்டத்தில் எட்டுக் கமிட் செய்து, ஐந்தாவதில் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுங்கள். நண்பரை 'கிட் பைசெக்ட்' வழியாகக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்று முறையில் கிடைக்கணும்.

கலந்துரையாட: உங்கள் குழுவில் அதிகம் தெரிந்தவர் நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டால், மிச்சமிருப்பவர்கள் எவ்வளவு நாளில் வேலையைத் தொடர முடியும்? அந்த நாளைக் குறைக்க இந்த வாரம் என்ன எழுதி வைக்கலாம்?